ஜோதி டிஜிட்டல்ஸ், முதல்நிலைப் போலி

இருபது வருஷத்துக்கு முன்னால் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பின்னாடி சிடி வாங்க வந்தவர்கள் யாரும் அசலா போலியா என்று கேட்டதில்லை. எவ்வளவு என்றுதான் கேட்டார்கள். முப்பது என்றால் இருபது என்பார்கள், இருபத்தைந்தில் முடியும். போலியைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் அசலை ஒருமுறையாவது கண்ணால் பார்த்திருக்க வேண்டும். செங்கல்பட்டில் அப்படிப் பார்த்தவர் யாருமில்லை, விற்றுக்கொண்டிருந்த பக்தவத்சலம் உட்பட.

கடையின் பெயர் ஜோதி டிஜிட்டல்ஸ். ஜோதி என்பது அவர் மனைவி ஜோதிலட்சுமி. சைக்கிள் ஸ்டாண்டு மாடியில் ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு டேபிள் ஃபேன். வீடியோ கேம் சிடிக்களைக் காப்பி போட்டு விற்றுக்கொண்டிருந்தவர்களிடம் ஒரு நாள் எஞ்சினியரிங் காலேஜ் ஹாஸ்டல் பிள்ளைகள் வந்து, "அண்ணாத்த, கேம் வேணாம், அதுல வர்ற மியூசிக் மட்டும் தனியா வோணும்" என்றார்கள். இருப்பதை விற்பவன் வியாபாரி. இல்லாததைக் கேட்டால் "நாளைக்கு வந்துரும்" என்று சொல்லி அன்று ராத்திரியே செய்து வைப்பவன் செங்கல்பட்டு வியாபாரி.

அப்படி வந்ததுதான் 'கிரிஸ்டல் ஃபெர்ரி 2' இசைத்தட்டு. ஜப்பான்காரர்கள் செய்த கேம் அது. அதன் இசையை ஜப்பானில் முறைப்படி தனித் தட்டாகவும் போட்டிருந்தார்கள். இங்கே அதைப் பிடிக்க ஒரே வழி, கேமை ஓடவிட்டுப் பாட்டைப் பதிவு செய்வது. அதில் ஒரு சிக்கல். ஹீரோ செத்தால் பாட்டு நின்றுவிடும். எனவே பாட்டு முடியும்வரை ஹீரோ சாகக் கூடாது. பக்தவத்சலம் ஆடினால் முப்பது நொடியில் சாவான். ஜோதிலட்சுமி ஆடினால் நாலு நிமிஷமும் உயிரோடு இருப்பான். அவள் இடது கைக்காரி. ராட்சசன் எந்தப் பக்கம் அடிப்பான் என்று அவனுக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். நடுநடுவே வாள் மோதுகிற சத்தம் விழத்தான் செய்தது. அதுவும் மியூசிக்தான் என்று சொல்லி விற்றார்கள்.

அட்டைக்கு ஒரு போட்டோவை ஜெராக்ஸ் எடுத்து, ஜோதிலட்சுமி வெட்டி, மைதா பசை காய்ச்சி ஒட்டினாள். எதிர்க்கடைக்காரன் காப்பியைக் காப்பி அடித்துவிடக் கூடாது என்பதற்காக, அந்தக் காலத்து ரெக்கார்டிங் சென்டர் வழக்கப்படி, ஆறாவது பாட்டின் நடுவில் கடையின் பெயரைச் சொல்லிப் பதிவு செய்தார்கள். பேசியதும் ஜோதிலட்சுமிதான். அந்தக் குரல் மாடியிலிருந்து ஒருமுறை கூப்பிட்டால், கிளம்பிய மதுராந்தகம் பஸ் நின்று என்னவென்று கேட்கும்.

அறுபது தட்டு விற்றது. பிறகு போலீஸ் வருகிறது என்று ஒரு பேச்சு வந்தது. மிச்சத்தையும் கம்ப்யூட்டரையும் கோணிப்பையில் கட்டிக் கொளவாய் ஏரியில் இறக்கிவிட்டு, கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்தார்கள். காப்பி எடுப்பதைக் கைவிட மனம் வரவில்லை. சட்டப்படி எடுத்தார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் ஜோதிலட்சுமிக்குத் தொண்டையில் ஆபரேஷன். உயிர் முக்கியம் என்று குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அவள் பிழைத்து வந்து கடையில் உட்கார்ந்த பிறகுதான் பக்தவத்சலத்துக்கு ஒன்று உறைத்தது. அவள் குரல் எங்கேயும் இல்லை. கல்யாண வீடியோவில் எல்லார் வாயும் அசைகிறது, மேலே சினிமாப் பாட்டு ஓடுகிறது. வாட்ஸப்பில் அவள் அனுப்பியிருந்த குரல் செய்திகளை, போன் நிறைந்துவிட்டது என்று அவரே அழித்திருந்தார். எல்லாம் திட்டுத்தானே, வீட்டில் புதிதாகக் கிடைக்கும் என்று நினைத்திருந்தார்.

இப்போது அவள் போனில் டைப் செய்வாள், போன் அதைப் படிக்கும். ஆரம்பத்தில் தான் பேசுகிற மாதிரியே அடித்துப் பார்த்தாள். போனில் இருக்கிற பெண்மணிக்கு 'இன்னாத்துக்கு', 'கீது' எல்லாம் வாயில் நுழையவில்லை. வேறு வழியில்லாமல் ஜோதிலட்சுமி பேப்பர் தமிழுக்கு மாறினாள். அதனால் மூன்று வருஷமாக அந்த வீட்டில் சண்டை செய்தி வாசிப்பதுபோல் நடக்கிறது. "குழம்பில் உப்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு உண்ணவும். தாங்கள் ஒரு மடையர்" என்று அந்தப் பெண்மணி நிதானமாகச் சொல்லும்போது பக்தவத்சலத்துக்குக் கோபமும் வருவதில்லை, பசியும் வருவதில்லை.

இந்த நிலையில்தான் பழைய வாடிக்கையாளர் ஒருவர் ஓர் அழைப்பிதழை வாட்ஸப்பில் அனுப்பினார். மாமல்லபுரத்தில் 'கிழக்குக் கடற்கரை விளையாட்டிசை மெய்யாய்வு மன்றம்' என்று ஒன்று இருக்கிறதாம். வருகிற ஞாயிறு அதன் பொதுக்குழு. சிறப்புக் காட்சி: ஜோதி டிஜிட்டல்ஸ், கிரிஸ்டல் ஃபெர்ரி 2, முதல்நிலைப் போலி, எஞ்சிய ஒரே பிரதி.

பக்தவத்சலம் முதலில் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினார். கேஸ் இன்னும் இருக்கிறதோ என்று பயம். அதற்குப் பிறகுதான் ஆறாவது பாட்டு ஞாபகம் வந்தது. ஷட்டரை முழுசாக இறக்கிவிட்டு, பேப்பர் பண்டல் வாங்கி வருவதாக மனைவியிடம் சொல்லி, மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறினார்.

மன்றம் கடலைப் பார்த்த ஒரு பங்களாவில் இருந்தது. ஏசி பதினெட்டில். வரவேற்பு மேஜையில் இருந்த ஷபானா என்ற பெண் ஒரு படிவத்தை நீட்டினாள்.

"சேகரிப்பாளரா, ஆய்வாளரா, முதலீட்டாளரா?"

"நான் இத்த செஞ்சவன்மா."

"எத சார்?"

"அந்தப் போலிய."

அவள் படிவத்தைத் திருப்பிப் பார்த்தாள். "செஞ்சவங்களுக்குக் கட்டமே இல்ல சார். 'இதர'ன்னு போட்டுக்கட்டுமா?"

"எதனா போடு. எனக்கு அதுல ஆறாவது பாட்ட ஒரு தபா கேக்கணும், அவ்ளோதான்."

அவள் அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "கேக்கறதா? சார், இங்க யாரும் கேக்கறதில்ல."

மன்றத்தின் வரலாற்றை அவளே சுருக்கமாகச் சொன்னாள். ஆரம்பத்தில் அசல் ஜப்பான் தட்டுகளுக்காகத்தான் மன்றம். போலி வைத்திருப்பவர்களை உள்ளேயே விடமாட்டார்கள். பிறகு யார் வேண்டுமானாலும் வீட்டில் உட்கார்ந்து அசலை வரவழைக்கலாம் என்று ஆகிவிட்டது. நாவலூரில் ஒவ்வொரு அடுக்குமாடியிலும் நாலு பேரிடம் அசல் இருந்தது. மற்றவனிடமும் இருக்கிற பொருளை வைத்துக்கொண்டு என்ன பெருமைப்படுவது? போலிகளோ குப்பைக்குப் போய் அருகிவிட்டன. அருகியது அரிதாயிற்று, அரிது உயர்ந்தது. மன்றம் ஒரு தீர்மானம் போட்டுப் போலிக்கு மாறியது. உடனே ஊரில் போலிகளைப் போலி செய்ய ஆரம்பித்தார்கள். எனவே இப்போது இரண்டு வகை. அந்தக் காலத்தில் மனமறிந்து ஏமாற்றியது முதல்நிலைப் போலி. அதைப் பார்த்து இப்போது ஏமாற்றுவது இரண்டாம்நிலைப் போலி. மன்றத்தின் வேலை, நேர்மையான திருட்டையும் நேர்மையற்ற திருட்டையும் பிரித்துக் காட்டுவது.

தலைக்கு ஒரு வலைத்தொப்பி, கைக்கு உறை, செருப்புக்கு மேல் ஒரு பை எல்லாம் மாட்டி அவரை உள்ளே அனுப்பினாள். அங்கே தலைமை ஆய்வாளர் ஆனந்தன் கண்ணாடிப் பெட்டியின் முன் உட்கார்ந்திருந்தார். அணுபுரத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற எஞ்சினியர். முப்பது வருஷம் எதை எதையோ மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கு அளந்தவர். ஓய்வு பெற்ற பின் வீட்டில் சப்பாத்தியின் வட்டத்தை அளக்கப் போக, அவர் மனைவிதான் இங்கே சேர்த்துவிட்டதாகச் சொல்வார்கள்.

"தள்ளி நில்லுங்க. உங்க மூச்சுல ஈரம் இருக்கு."

பக்தவத்சலம் தள்ளி நின்று எட்டிப் பார்த்தார். பெட்டிக்குள் வெல்வெட்டின் மேல் அவருடைய இருபத்தைந்து ரூபாய்ச் சரக்கு, ஒட்டிய செலோடேப் கூடப் பிரிக்காமல், சாமி மாதிரி உட்கார்ந்திருந்தது.

"அட்டையோட ஓரத்தப் பாருங்க" என்றார் ஆனந்தன். "இடப்பக்கமா இரண்டரை டிகிரி சாய்வு. இடச்சாய்வு வெட்டுன்னு நான்தான் பேர் வெச்சேன். இது ஒரு அழகியல் முடிவு. படத்துல இருக்கறது சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை. ஏன் அந்தக் கோட்டை? டச்சுக்காரன் கட்டடம், ஜப்பான்காரன் இசை, தமிழன் திருட்டு. மூணு கடலும் ஒரே அட்டையில வந்து மோதுது. இதப் பத்திப் பதினாலு பக்கம் எழுதியிருக்கேன்."

"அது என் மச்சான் கல்யாணத்துக்குப் போனப்ப எடுத்த போட்டோ சார். முன்னாடி மச்சான் நின்னுகினு இருந்தாரு. அவர வெட்டிட்டு மிச்சத்த ஒட்டனோம். ஓரத்துல பாருங்க, அவரு கை கீது."

ஆனந்தன் பூதக்கண்ணாடியை எடுத்தார். "அது தூண். கட்டுரையில 'மர்மத் தூண்'னு குறிப்பிட்டிருக்கேன்."

"தூண் எங்கனா வாட்ச் கட்டிகினு நிக்குமா சார்?"

ஆனந்தன் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "நான்தான் ஜோதி டிஜிட்டல்ஸ்னு சொல்லிட்டு வந்ததுல நீங்க ஏழாவது ஆள். ஜோதி டிஜிட்டல்ஸ்ங்கறது மூணு இளைஞர்கள் சேர்ந்து நடத்தின ஒரு தலைமறைவு இயக்கம்னு நாங்க ஆய்வு பண்ணி முடிச்சாச்சு. இருந்தாலும் விதின்னு ஒண்ணு இருக்கு. வெட்டிக் காட்டுங்க."

போலீசுக்குப் பயந்து இருபது வருஷம் வாயைத் திறக்காதவர், இப்போது தானே தேடி வந்து திருடன் நான்தான் என்கிறார். அதற்கு ஆதாரம் கேட்கிறார்கள். பக்தவத்சலம் கத்திரிக்கோலை வாங்கி ஒரு கோட்டைப் படத்தை வெட்டினார். ஆனந்தன் அளந்தார்.

"வலப்பக்கம் ஒரு டிகிரி. இரண்டாம்நிலைப் போலி. அதுலயும் மட்டம்."

"அத்த வெட்னது நான் இல்ல சார். என் வூட்டுக்காரி. அதுக்குப் பீச்சாங்கை."

"அப்படின்னா?"

"இடது கை சார். பீச்சாங்கையில கத்திரி புடிச்சா அப்டித்தான் சாயும்."

பதினாலு பக்கம் எழுதிய மனிதர் கத்திரிக்கோலை வாங்கித் தன் இடது கையில் மாட்டிப் பார்த்தார். பிறகு, "ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு அவங்கள அழைச்சிட்டு வாங்க" என்றார்.

"அப்ப அந்தப் பாட்டு?"

"அது தொடாத தட்டு. டேப் பிரிஞ்சா தகுதி போயிடும். உள்ள என்ன இருக்குங்கறது எங்க ஆய்வு வரம்புல வராது."

வீட்டுக்கு வெறுங்கையோடு திரும்பியவரைப் பார்த்து ஜோதிலட்சுமி போனைத் தட்டினாள். "பேப்பர் எங்கே?" என்றது அந்தப் பெண்மணியின் குரல்.

பக்தவத்சலத்துக்குப் பொய் சொல்லப் பழக்கமுண்டு, ஆனால் கஸ்டமரிடம் மட்டும். எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டு முடித்து ரொம்ப நேரம் டைப் செய்தாள்.

"அந்தக் குரலைக் கேட்டு என்ன செய்யப் போகிறீர்கள்? அவள் உங்களைத் திட்டத்தான் செய்வாள்."

"அதுக்குத்தாம்மே" என்றார் பக்தவத்சலம்.

அவள் எழுந்து போய் அடுப்பைப் பார்த்தாள். அடுப்பு எரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்கு முன்னால் அவள் புடவை கட்டி, பையில் தன் கத்திரிக்கோலை எடுத்து வைத்துக்கொண்டு நின்றாள்.

பொதுக்குழுவில் நாற்பது பேர், எல்லாரும் கையுறையோடு. நடுவில் மேஜை போட்டு ஜோதிலட்சுமியை உட்கார வைத்தார்கள். ஷபானா ஒரு தாம்பாளத்தில் காகிதம் கொண்டுவந்தாள். ஜோதிலட்சுமி தாம்பாளத்தைத் தள்ளிவிட்டுக் காகிதத்தை மட்டும் எடுத்து, கீரை ஆய்கிற வேகத்தில் நாலு ஓரமும் வெட்டிப் போட்டாள். பதினோரு நொடி.

ஆனந்தன் அளந்தார். மறுபடி அளந்தார். "இரண்டரை டிகிரி" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்வரிசையில் ஒருவர் விசும்பினார்.

மன்றத் தலைவர் பிரவின்குமார் எழுந்தார். நாவலூரில் பெரிய கம்பெனியில் பெரிய வேலை. மைக் அவரிடம் தானாகப் போகும்.

"நண்பர்களே, இது வரலாற்றுத் தருணம். அசலை யார் வேணும்னாலும் செய்யலாம். கம்பெனி செய்யுது. லட்சம் பிரதி, எல்லாம் ஒரே மாதிரி. அதுல என்ன மனுஷத்தனம் இருக்கு? போலிங்கறது ஒருத்தர் ராத்திரி உக்காந்து, பயந்து, அவசரமா, கையால செய்யறது. என்னோட அசல் தட்டுகளை எல்லாம் வித்துதான் இந்தப் போலியில நான் பங்கு வாங்கினேன். ஒரு தடவைகூடக் கேட்டதில்ல. எனக்கு இசையே பிடிக்காதுன்னு சிலர் வெளிய பேசறாங்க. உண்மைதான். எனக்கு இரைச்சல் ஆகாது. ஆனா ரசிக்கறது வேற, பாதுகாக்கறது வேற. ரசிக்கறவன் தேய்ப்பான். ரசனை இல்லாதவன் கையிலதான் பொருள் பத்திரமா இருக்கும். இந்த மன்றத்துல ரசனை உள்ளவர் ஒருத்தர்கூட இல்லைங்கறத நான் பெருமையோட சொல்லிக்கறேன்."

கையுறை போட்ட கைகள் தட்டின. பஞ்சு மெத்தையை அடிக்கிற சத்தம் வந்தது.

"அதே சமயம் நாம ஒரு ஆபத்தையும் உணரணும்" என்று குரலைத் தாழ்த்தினார். "உலகத்திலேயே இந்தத் தட்டை அச்சு அசலாப் போலி செய்யக்கூடிய ஒரே நபர் நம்ம முன்னால உக்காந்திருக்காங்க. இவங்க இன்னிக்கு ஒண்ணு வெட்டினா அது இரண்டாம்நிலைப் போலி. ஆனா எந்தக் கருவியாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே அம்மா இனிமே இடது கையால கத்திரிக்கோல் பிடிக்க மாட்டேன்னு ஒரு உறுதிமொழியில கையெழுத்துப் போடணும்னு மன்றம் பணிவோட கேட்டுக்குது."

சால்வை ஒன்று கொண்டுவந்து போர்த்தினார்கள். ஜோதிலட்சுமி அதன் ஓரத்தை இரண்டு விரலால் கசக்கிப் பார்த்தாள். போனைத் தட்டினாள்.

"இது பட்டு இல்லை. பாலியஸ்டர்" என்றது போன்.

அது சால்வை விற்ற கடையின் தவறு என்று பொருளாளர் எழுந்து விளக்கினார். அசல் பட்டு என்று சான்றிதழே கொடுத்திருக்கிறார்களாம்.

உறுதிமொழியை அவள் முன் வைத்தார்கள். அவள் பேனாவை எடுக்கவில்லை. டைப் செய்தாள். "முதலில் ஆறாவது பாட்டைப் போடுங்கள்."

கூட்டத்தில் சலசலப்பு. ஆனந்தன் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் போய் நின்றுகொண்டார்.

"அம்மா, அது தொடாத தட்டு" என்றார் பிரவின்குமார்.

"ஆறாவது பாட்டைப் போடுங்கள்."

"வேணும்னா, டேப்பப் பாதி பிரிச்சுப் பதினஞ்சு நொடி..."

"ஆறாவது பாட்டைப் போடுங்கள்."

"முப்பது நொடி. மன்றத்துல ஆயுள் உறுப்பினர் ஆக்கறோம்."

"ஆறாவது பாட்டைப் போடுங்கள்."

அவள் ஒரே ஒருமுறைதான் டைப் செய்திருந்தாள். பிறகு அதே பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தாள். பேரத்தில் தொனி மாறுகிறவன் தோற்பான். அந்தப் போன் பெண்மணிக்கு மாறுவதற்குத் தொனியே கிடையாது. மூன்று வருஷத்தில் முதல்முறையாகப் பக்தவத்சலத்துக்கு அந்த அம்மாள்மேல் மரியாதை வந்தது.

"இன்னா தலைவரே" என்று அவரும் தன் பங்குக்குச் சொல்லி வைத்தார். "இந்தம்மா வூட்டுக்குப் போயி தினம் பத்து அட்டை வெட்டிப் போட்டாக்கா உங்க பொட்டியில கீறது இன்னா ஆவும்?"

பன்னிரண்டரைக்கு வாக்கெடுப்பு. இருபத்தொன்றுக்குப் பத்தொன்பதில் தீர்மானம் நிறைவேறியது. தோற்றவர்களில் இருவர் வெளிநடப்புச் செய்து, வெயிலாக இருந்ததால் உள்ளே வந்தார்கள்.

அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. மன்றத்தில் சிடி பிளேயர் இல்லை. நாற்பது பேரிடம் மொத்தம் ஒன்பதாயிரம் தட்டு இருந்தது, போட்டுக் கேட்க ஒரு பெட்டி இல்லை. கடைசியில் ஷபானாதான் வெளியே நின்ற டாக்சியைக் காட்டினாள். நாவலூரிலிருந்து ஓர் உறுப்பினரைக் கொண்டுவந்து இறக்கிய பழைய கார், ஓட்டுபவர் பெயர் தேவசகாயம். பொதுக்குழு காருக்கு இடம் மாறியது. முன் சீட்டில் பக்தவத்சலம், பின் சீட்டில் போனை மடியில் வைத்துக்கொண்டு ஜோதிலட்சுமி, காரைச் சுற்றி வெயிலில் தொப்பியும் உறையுமாக நாற்பது பேர்.

ஆனந்தன் டேப்பைப் பிரித்த விதத்தைப் பார்த்தால் யாருக்கோ தையல் பிரிக்கிறார் என்று தோன்றும். தட்டை இரண்டு கையால் ஏந்தி நீட்டினார். தேவசகாயம் வெறும் விரலால் வாங்கி, வேட்டியில் ஒருதரம் துடைத்து, உள்ளே தள்ளினார்.

"எத்தினியாவது பாட்டு?"

"ஆறு அண்ணாத்த" என்றார் பக்தவத்சலம்.

கரகரவென்று இசை வந்தது. வாள் மோதியது. ராட்சசன் உறுமினான். ஹீரோ சாகவில்லை. இரண்டு நிமிஷம் நாற்பதாவது நொடியில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு குரல் எழுந்தது.

"நீங்க கேட்டுகினு கீறது ஜோதி டிஜிட்டல்ஸ், செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பின்னாடி, சைக்கிள் ஸ்டாண்டு மாடி. இத்த எவனும் காப்பி அடிக்காத. அடிச்சன்னா வெளங்க மாட்ட. யோவ், ஃபேன நிறுத்துய்யா! பேசிகினு கீறேன்ல? சத்தம் வருது பாரு!"

பக்தவத்சலம் சட்டென்று கையை நீட்டிக் காரின் ஏசியை அணைத்தார்.

பாட்டு முடியும்வரை அவர் கை அந்தத் திருகின்மேலேயே இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பின்னாலிருந்து ஒரு கை வந்து அவர் தோளில் ஒரு குத்து விட்டது. குத்தியது இடது கை.

"குரல் ஒப்பாய்வு" என்று ஆனந்தன் ஜன்னலுக்குள் தலையை நீட்டினார். "விதி பதினேழு. குரல் வந்தா உறுதி பண்ணணும். அம்மா, அதே வாசகத்த மூணு தரம் சொல்லுங்க."

"சார், அவங்களால..." என்றாள் ஷபானா.

"எல்லாருக்கும் ஒரே விதிதான்."

ஜோதிலட்சுமி டைப் செய்தாள். "நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது ஜோதி டிஜிட்டல்ஸ்" என்றது போன், மூன்று தரம்.

ஆனந்தன் கவனமாகக் கேட்டு ஏட்டில் எழுதினார்: வெட்டு, ஒத்துப்போகிறது. குரல், ஒத்துப்போகவில்லை.

ஜோதிலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்தால் இப்போது தோள் மட்டும்தான் குலுங்கும். அந்தக் குலுங்கலில் போன் மடியிலிருந்து சரிந்து கீழே விழ, எடுக்கக் குனிந்த பொருளாளர் திரையைப் பார்த்துவிட்டு அலறினார். "ரெக்கார்டிங்! பாட்டு ஆரம்பிச்சதுலேர்ந்து ரெக்கார்ட் ஆயிருக்கு!"

"காப்பி அடிச்சிட்டாங்களா?" என்று ஒருவர் கேட்க, "அழிக்கச் சொல்லுங்க" என்று ஒருவர் கத்த, பிரவின்குமார் கையை உயர்த்தினார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது.

"அவசரப்படாதீங்க. யோசிங்க. இதப் பதிவு பண்ணது யாரு? ஜோதி டிஜிட்டல்ஸ். எப்படிப் பண்ணாங்க? அனுமதி இல்லாம, அவசரமா. அப்ப இது இரண்டாம்நிலை இல்ல. ஜோதி டிஜிட்டல்ஸோட அடுத்த வெளியீடு. இருபது வருஷத்துக்கு அப்புறம் வந்த முதல்நிலைப் போலி. ஒரே பிரதி. இன்னும் யாரும் கேக்காதது." காருக்குள் இருந்த தட்டை அவர் அரைக்கண்ணால் பார்த்தார். "அது தொட்ட தட்டு ஆயிடுச்சு. அதுல இனிமே ஒண்ணுமில்ல."

தலைமை ஆய்வாளர் ஓடிப்போய்க் கண்ணாடிப் பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்தார். போனை அப்படியே அதில் வைத்து முத்திரை போட்டுவிட வேண்டும் என்பது ஏகமனதான தீர்மானம்.

"போன வெச்சிட்டா இந்தம்மா எப்டி சார் பேசும்?" என்று கேட்டார் தேவசகாயம்.

அது மன்றத்தின் ஆய்வு வரம்பில் வரவில்லை.

ஜோதிலட்சுமி பொருளாளர் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். உறுதிமொழித் தாளை வாங்கிக் காரின் பானெட்டின்மேல் வைத்துப் பீச்சாங்கையால் கையெழுத்துப் போட்டாள். பேச்சு பேச்சுதான், வியாபாரம் வியாபாரம்தான். பாலியஸ்டரை மடித்து, தேவசகாயம் வெளியே எடுத்த தட்டையும் அதன்மேல் வைத்து, தலைவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

பிரவின்குமார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். "அம்மா, ஒரே ஒரு வேண்டுகோள். தயவுபண்ணி அதப் போட்டுக் கேக்காதீங்க. ஒவ்வொரு தடவை கேக்கும்போதும் பத்து சதவீதம் மதிப்பு போயிடும். மன்றத்தோட தேய்மான விதி. பத்திரமா வெச்சிருங்க, கேக்காம வெச்சிருங்க..."

தேவசகாயம் கியரைப் போட்டார். பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டுக் காசு வாங்க மாட்டேன் என்றார். தன் வண்டியில் இந்த சிடி பெட்டி இன்னும் வேலை செய்கிறது என்பதே இன்றுதான் தெரிந்ததாம்.

செங்கல்பட்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஜோதிலட்சுமி போனை இருவருக்கும் நடுவில் பிடித்தாள். பூஞ்சேரி தாண்டுவதற்குள் மூன்று தடவை ஆயிற்று. இரைச்சலும் இருந்தது, யாரோ இருமுவதும் கேட்டது, எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு அவள் குரலும் இருந்தது. ஒவ்வொரு தடவையும் 'யோவ்' வருகிற இடத்தில் பக்தவத்சலம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

டிக்கெட் போட்டுக்கொண்டே வந்த கண்டக்டர் ஆறாவது தடவையில் பக்கத்தில் வந்து நின்றார். "யாரு நைனா அது, பஸ்ல ஃபேன நிறுத்தச் சொல்லி ஒரேயடியா திட்டிகினே வருது?"

"என் வூட்டுக்காரி."

கண்டக்டர் ஜோதிலட்சுமியைப் பார்த்தார். அவள் வாய் மூடியிருந்தது. போனைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். "நல்ல கொரலு" என்று சொல்லிவிட்டு முன்னால் போனார்.

திருக்கழுக்குன்றம் மலை தெரிந்தபோது பத்தாவது தடவை முடிந்தது. மன்றத்தின் தேய்மான விதிப்படி இனி அதற்கு எந்த மதிப்பும் இல்லை.

ஜோதிலட்சுமி மறுபடி அழுத்தினாள்.